பனி இறங்கினால்தான் ஜெரான்

பெர்த்தில் அக்கா வீட்டுக்குப் போன மூன்றாம் நாளே என் கையில் ஒரு குறடைக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துப் பூங்காவில் ஒரு கட்டடம், அதன் பின்சுவர் முழுக்கக் கிறுக்கல். அங்கே அந்த மண்ணின் பழங்குடியினரான நூங்கார் மக்களின் ஆறு பருவங்களை மொசைக்கில் பதிக்கப்போகிறோம், ஆள் வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். கிங்ஸ் பார்க், ராட்நெஸ்ட் தீவு என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலை அக்கா மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். "மத்தியானம் வரைக்கும்தான்டா, வா." அந்த மத்தியானம் இரண்டு வாரம் நீண்டது.

மொசைக் என்றால் நமக்குத் தரைதான். வெயில் காலத்தில் வெறும் முதுகோடு படுத்துக் கிடப்போமே, அது. இங்கே உடைந்த தட்டும் மிச்சம் மீதி டைல்ஸும். இரண்டு சின்னச் சக்கரம் வைத்த குறடால் நகத்தளவுக்கு நறுக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடக்கூடாது, சில்லு தெறிக்கும். சுவர்ப்பக்கம் யாரும் போவதே இல்லை. மேசையில் படம் வரைந்த தாள், அதன்மேல் பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேலே கண்ணாடி இழை வலை. வலையில் சில்லுகளை ஒட்டி, காய்ந்ததும் பகுதி பகுதியாக வெட்டிக் கடைசியில்தான் சுவரில் ஏற்றுகிறார்கள். முதல் நாள் நான் முடித்தது ஒரே ஒரு இலை.

படம் வரைந்தவர் ஒரு நூங்கார் மூதாட்டி. எல்லோருக்கும் அவர் 'ஆன்ட்டி'. நம்மூரில் முன்பின் தெரியாத பெண்ணை அப்படிக் கூப்பிட்டால் முறைப்பு கிடைக்கும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் ஆன்ட்டி, அங்கிள் என்பவை சமூகம் தன் மூத்தோருக்குத் தரும் மரியாதை. தலை நரைத்தால் மட்டும் வந்துவிடாது.

பெர்த் இருப்பது நூங்கார்களில் வட்ஜுக் பிரிவினரின் மண். 1829இல் ஆங்கிலேயர் இங்கே குடியேறி நான்கு பருவத்தைக் கொண்டுவந்தார்கள். மண்ணின் கணக்கு ஆறு: பிராக், புனுரு, ஜெரான், மகுரு, ஜில்பா, கம்பராங். டிசம்பரில் தொடங்கி, தோராயமாக இரண்டிரண்டு மாதம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "எங்களுக்கும் ஆறுதான் ஆன்ட்டி! கார், கூதிர், முன்பனி..." என்று ஒப்பித்தேன்.

"கார் வந்தாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஆவணி, புரட்டாசி."

"மாசத்தைக் கேக்கலப்பா. எந்தப் பூ? எந்தப் பறவை?"

பள்ளியில் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். முல்லை என்று முனகிவிட்டுக் குனிந்து டைல்ஸ் வெட்டினேன். முல்லை எந்த மாதத்தில் பூக்கும் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அவர் வரைந்திருந்ததில் மாதங்களே இல்லை. பிராக்கில் மூஜர் மரம், உச்சி முழுக்க ஆரஞ்சுப் பூ. பிற மரங்களின் வேரிலிருந்து உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி அது. இறந்தவர்களின் ஆவி தங்கிப் போகும் மரம் என்பதால் நூங்கார்கள் பூவைப் பறிப்பதில்லை. புனுருவில் மாரி மரத்தின் வெள்ளைப் பூ. மகுருவில் மழையும், ஜோடி சேரும் கறுப்பு அன்னமும்.

எனக்குக் கிடைத்தது மூஜர். பூவைச் சுற்றி அழகாக இருக்கட்டுமே என்று புள்ளி புள்ளியாக ஒரு வரிசை வைத்தேன். ஆன்ட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது பாலைவனத்து ஆளுங்களோடது. எங்களோடது இல்ல." 1971இல் நடு ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பாப்புன்யாவில் கிளம்பிய ஓவிய இயக்கத்தால் உலகம் அறிந்த பாணி அது. ஊர் பெர்த்திலிருந்து வெகுதூரம். விமான நிலையக் கடையில் ஃபிரிட்ஜ் காந்தம் வாங்கியவனுக்குப் பழங்குடி என்றால் எல்லாமே புள்ளிதான். பசை காய்வதற்குள் கத்தியால் சுரண்டி எடுத்தேன்.

பசை என்றதும் ஒன்று. பால்கா என்ற புல்மரத்தின் பிசினோடு கரியும் கங்காரு சாணமும் கலந்து சூடாக்கி, அதைக் கொண்டுதான் நூங்கார்கள் கல்லைப் பிடியில் ஒட்டிக் கோடாரி செய்தார்கள். எங்கள் வாளியில் இருந்தது கடைச் சரக்கு.

நடுவில் ஒரு ஞாயிறு ராட்நெஸ்ட் போனேன். நூங்கார் மொழியில் வாஜெமப். எல்லோரும் குவோக்கா என்ற குட்டி விலங்கோடு செல்ஃபி எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். 1838 முதல் 1931 வரை சுமார் 4,000 பழங்குடி ஆண்களையும் சிறுவர்களையும் சிறை வைத்த தீவு. இறந்தவர்களைப் புதைத்த இடத்தின் மேலேயே பல வருடம் சுற்றுலாக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை மேசையில் அதிகம் பேசவில்லை.

ஏப்ரல் பிறந்து பல நாள் ஆகியிருந்தது. அட்டவணைப்படி ஜெரான். "இன்னும் வரல" என்றார் ஆன்ட்டி. வெயில் உண்மையிலேயே விடவில்லை. ராத்திரி குளிர்ந்து காலையில் புல்லில் பனி இறங்க வேண்டும், அப்போதுதான் ஜெரானாம்.

சில்லுகளின் இடுக்கை அடைக்கும் கிரவுட் பூசும் நாள்தான் கடைசி நாள். நான் வெள்ளை சிமென்ட் என்றேன், யாரும் கேட்கவில்லை. கருஞ்சாம்பல் பூசித் துடைத்ததும் நிறமெல்லாம் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

அன்று விடியற்காலை அக்கா வீட்டுப் புல்வெளியில் செருப்பில்லாமல் இறங்கியிருந்தேன். கணுக்கால் வரை ஈரம். பூங்காவுக்குக் கிட்டத்தட்ட ஓடினேன். "ஆன்ட்டி, ஜெரான் வந்தாச்சு!"

"நேத்தே வந்தாச்சு" என்று பஞ்சைக் கையில் கொடுத்தார். "நல்லாப் பிழிஞ்சுட்டுத் துடை."