சும்மாயிருப்பீர்கள், அதுக்கு அடுத்த வசனம்

"கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." யாத்திராகமம் 14:14. இதை போன்ல வால்பேப்பரா வச்சு ஒரு வருஷம் ஓட்டியிருக்கேன். அண்ணனும் நானும் பேசாம இருந்த வருஷம். யாராவது கேட்டா "ஜெபத்துல வச்சிருக்கேன், கர்த்தரோட நேரம் வரட்டும்"னு சொல்லிடுவேன், கேட்டவங்களும் ஆமென் போட்டுட்டு போயிடுவாங்க, அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க. ரொம்ப வசதி.

அப்புறம் ஒருநாள் அந்த அதிகாரத்தை வரிசையா வாசிக்கும்போதுதான் 15ம் வசனம் கண்ணுல பட்டுச்சு. "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு." 14 மோசே ஜனங்களுக்கு சொன்னது, 15 கர்த்தர் மோசேக்கு சொன்னது. இவ்வளவுக்கும் ஜனங்களுக்கு பின்னாடி துரத்திட்டு வர்ற எகிப்து படை, முன்னாடி கடல், அது இன்னும் பிளக்கவே இல்ல, கோலை ஓங்குன்னு சொல்றதே அதுக்கு அடுத்த வசனத்துலதான் வருது.

சரி, அப்போ காத்திருக்கறதே தப்பான்னு கேட்டா, இஸ்ரவேலோட முதல் ராஜா சவுலைப் பாருங்க. 1 சாமுவேல் 13. கில்கால்ங்கிற ஊர்ல ஏழு நாள் காத்திரு, நான் வந்து பலி செலுத்தறேன்னு தீர்க்கதரிசி சாமுவேல் முன்னாடியே சொல்லியிருந்தாரு. மனுஷன் ஏழு நாளும் இருந்தாரு, பாவம். எதிர்ல எதிரிப் படையான பெலிஸ்தர், கூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கறாங்க (பின்னாடி எண்ணிப் பார்த்தப்போ மிச்சம் சுமார் 600 பேர்). தாங்க முடியாம தகனபலியை தானே செலுத்திட்டாரு, செலுத்தி முடிச்ச கையோட சாமுவேல் வந்து நிக்கறாரு, நீ செஞ்சது தப்புன்னு சொல்றாரு. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு சவுல் மேல கொஞ்சம் இரக்கம் வரும், நானா இருந்தா மூணாவது நாளே பண்ணியிருப்பேன்.

ஆனா அடுத்த அதிகாரத்துல அவரோட பையன் யோனத்தான், அப்பாகிட்ட கூட சொல்லாம, ஆயுததாரியை (ஆயுதம் சுமக்கிற உதவியாளை) மட்டும் கூட்டிட்டு பெலிஸ்தர் தாணையத்துக்கு, அதாவது அவங்க காவல் படை இருந்த இடத்துக்கு கிளம்பறான். அப்பா அந்த 600 பேரோட மாதளமரத்தடியில இருக்காரு. அப்பா செஞ்சா தப்பு, பையன் செஞ்சா விசுவாசமா? ரொம்ப நாள் இது எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு. இப்போ எனக்கு தோணுறது இதுதான்: சவுலுக்கு 'நான் வர்ற வரைக்கும் இரு'ன்னு நேரடியா ஒரு வார்த்தை இருந்துச்சு. யோனத்தானுக்கு போன்னும் இல்ல, போகாதேன்னும் இல்ல. அவன்கிட்ட இருந்தது ஒரே ஒரு 'ஒருவேளை'. ஒருவேளை கர்த்தர் நமக்காக ஒரு காரியம் செய்வார், அநேகம் பேரைக் கொண்டோ கொஞ்சம் பேரைக் கொண்டோ இரட்சிக்க அவருக்குத் தடையில்லைன்னு சொல்றான்.

அதுலயும் அவன் போட்ட திட்டத்தை கவனிச்சீங்களா? முதல்ல அவங்க கண்ணுல படற மாதிரி போய் நிப்போம், 'நாங்க வர்ற வரைக்கும் நில்லுங்க'ன்னு சொன்னா நிப்போம், 'ஏறி வாங்க'ன்னு சொன்னா ஏறுவோம். ரெண்டுக்கும் ரெடி. ஆனா அந்த பதில் கிடைக்கவே அவன் பாளயத்தை விட்டு வெளிய வரவேண்டியிருந்துச்சு. ஏறி வாங்கன்னு சத்தம் வந்ததும் கையும் காலுமா பாறையைப் பிடிச்சு ஏறினான்னு 13ம் வசனம் சொல்லுது.

நான் எனக்கு வராத ஒரு 'காத்திரு'வுக்கு ஒரு வருஷம் கீழ்ப்படிஞ்சிருக்கேன். சகோதரனோட ஒப்புரவாகறதைப் பத்தி மத்தேயு 5:24ல 'முன்பு' போன்னே இருக்கு, காணிக்கையை பலிபீடத்துக்கு முன்னாடி வச்சுட்டு போகணுமாம். அதுக்கு தனியா ஒரு தரிசனம் வேணுமா என்ன? பயம்தான், வேற ஒண்ணுமில்ல.

போன வாரம் ராத்திரி "அண்ணே, எப்படி இருக்கீங்க"ன்னு டைப் பண்ணி, அழிச்சு, திரும்ப டைப் பண்ணி, அனுப்பிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு "ம்"னு ஒரு பதில் வந்துச்சு. நாளைக்கு சாயங்காலம் போன் பண்ணப் போறேன்.