சொல்தா வீட்டுக் காகிதங்கள்

புதுச்சேரியில் ஒரு வீட்டைக் காட்டி 'பிரெஞ்சு பென்ஷன்காரர் வீடு' என்றால், கேட்பவர் மனதில் முதலில் பணம்தான் வரும். யூரோவில் வரும் பென்ஷன், பாரீசில் பேரப்பிள்ளைகள், மாடி வைத்த வீடு. பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்த்துப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். அந்தப் பணத்துக்குப் பின்னால் இருந்த போரை எனக்குக் காட்டியது இந்த வேலைதான்.

வியட்நாமைத் தன் பிடியில் வைத்துக்கொள்ள பிரான்ஸ் நடத்திய இந்தோசீனப் போர் 1946 டிசம்பரில் மூண்டது. 1954 மே 7 அன்று அங்கே பிரெஞ்சுப் படைத்தளமான தியன் பியன் பூ வீழ்ந்தது, ஜூலையில் ஜெனீவாவில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்த நம் ஊர்க்காரர்களைச் 'சொல்தா' என்பார்கள். வியட்நாமின் சைகோனுக்குக் கப்பலேறிய அந்தச் சொல்தாக்களுக்கு, திரும்பி வந்தபோது ஊரில் வேறு கொடி. 1962 ஆகஸ்டில் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், எந்தக் குடியுரிமை என்று முடிவெடுக்க மக்களுக்கு ஆறு மாதம் தந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது அப்படித்தான்.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் விதவைகள். கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். 'மேரி' எனும் நகராட்சி அலுவலகத்தில் பதியவில்லை என்றால் கல்யாணத்தை நிரூபிக்கவே அலைய வேண்டும். பதிவேட்டில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. அப்புறம் ஆண்டுதோறும் உயிர்ச்சான்று. தபாலில் தாமதமானால்கூடப் பென்ஷன் நின்றுவிடும். நடக்க முடியாத பாட்டியை ஆட்டோவில் கூட்டிவந்து, 'உயிரோடுதான் இருக்கிறார்' என்று காட்டச் சொல்வதை என்னால் இன்றுவரை சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு நாள் ஒரு அம்மா கணவருடைய ராணுவப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். பென்ஷனுக்குத் தேவை கடைசிப் பக்கம் மட்டும்தான். நான் எல்லாவற்றையும் வாசித்தேன். எந்தத் தேதியில் கப்பல், எந்தப் படைப்பிரிவு, பிறகு குண்டுக் காயம், சைகோன் க்ரால் மருத்துவமனையில் சில மாதங்கள். கணவர் அங்கே ஸ்டோரில் கணக்கு எழுதியதாகத்தான் அந்த அம்மாவுக்குத் தெரியும்.

"மழை நாள்ல காலைத் தேய்ச்சு விடச் சொல்வாரு தம்பி. வாதம்னு நினைச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு வாட்டி படிங்க" என்றார். இந்த முறை ஒவ்வொரு தேதிக்கும் நிறுத்தி, அப்போது தனக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டார். காயம் பட்ட ஆண்டில் அவர் பள்ளிக்கூடப் பாவாடையில் இருந்த சிறுமி. அந்த மனிதரைச் சந்திக்க இன்னும் வெகுகாலம் இருந்தது. அவருக்கு அன்று பென்ஷன் பேச்சே தேவைப்படவில்லை.

வியட்நாமிலிருந்து மனைவியரை அழைத்து வந்த சொல்தாக்களும் உண்டு. அந்த வீடுகளில் பண்டிகைக்கு இன்றும் வியட்நாம் பலகாரமான நெம் பொரிக்கிறார்கள். தன் பிறந்த ஊரைத் திரும்பப் பார்க்காமலே இங்கே கிழவியானவர்களுக்கு ஜெனீவா ஒப்பந்தம் எதை முடித்து வைத்தது?

பென்ஷனிலும் எல்லோருக்கும் ஒரே நீதி இல்லை. செனகல், மொராக்கோ போன்ற முன்னாள் காலனிகளின் குடிமக்களாகிவிட்ட வீரர்களின் ஓய்வூதியத்தை, 1959 டிசம்பரில் வந்த ஒரு சட்டத்தின் வழியில் பிரான்ஸ் உயராமல் முடக்கியது. அந்தப் பாகுபாடு செல்லாது என்று அங்குள்ள அரசியல் சாசன மன்றம் சொன்னது 2010 மே மாதத்தில்தான். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே போரில் ஒரே குண்டு பட்டவர்களுக்கு இரண்டு விலை வைத்ததை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இப்போது பேரன் பேத்திகள் வருகிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக்குத் தாத்தாவின் பிறப்புப் பதிவு போதும் என்கிறார்கள். சரி, அதைச் செய்து தருகிறேன். ராணுவப் பதிவேடும் காகிதக் கட்டுக்குள் இருந்தால், அதையும் தமிழில் எழுதிச் சேர்த்து வைக்கிறேன். அதற்குக் கூலி வாங்குவதில்லை.