பிருடை நழுவும் குளிர்காலம்

குளிர்நாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பத்துக்கு ஒன்பது உடுப்பைப் பற்றியவை. எந்தக் கோட்டு, எத்தனை அடுக்கு, காலணியின் அடிப்பாகம் வழுக்குமா வழுக்காதா என்று வருகிறவர் போகிறவர் எல்லோரும் வகுப்பெடுப்பார்கள். வீட்டுக்குள் எப்படி இருப்பது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கொஞ்ச நேரம் போக, குளிர்காலத்தின் பெரும்பகுதி சாத்திய ஜன்னல்களுக்கு உள்ளேதான் கழிகிறது.

நாங்கள் குடியேறிய இடம் 60ஆவது வட அட்சக்கோட்டை ஒட்டியது. டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட நீளாது. நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஆறேழு டிகிரி எழும்பினால் அதிகம். எதிரில் மூன்று மாடிக் கட்டடம் இருந்துவிட்டால் அதுவும் நமக்கில்லை. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. முதல் குளிர்காலத்தில் எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை, எதிலும் பிடிப்பில்லை. வீட்டு ஏக்கம் என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஏக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் ஏக்கம் மார்ச் மாதத்தில் தானாக வடிந்துபோவது எப்படி?

இதை முறையாக ஆராய்ந்து 1984இல் பருவகால மனச்சோர்வு என்று பெயரிட்டவர் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர். அவரும் வெயில் நாடான தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். குளிர்காலங்களில் தன் சுறுசுறுப்பு குறைவதைத் தானே கவனித்தவர். இதைப் படித்தபோது எனக்கு ஓர் ஆறுதல். காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) விளக்குக்கு முன் 20 முதல் 30 நிமிடம் உட்காருவது என்ற சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான். வீட்டு விளக்குகள் மாலையில் தருவது சில நூறு லக்ஸ் மட்டும். மப்பும் மந்தாரமுமான பகலில் வெளியே நின்றால்கூட அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். கண் நோய் உள்ளவர்களும் இருமுனை மனநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த விளக்கை வாங்கக் கூடாது. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் விளக்கோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போவதே சரி.

விளக்கு காலையைப் பார்த்துக்கொண்டது. நான்கு மணிக்கே இருட்டிவிடும் மாலையை என்ன செய்வது? அதற்காக எடுத்ததுதான் வயலின். முப்பதைத் தாண்டியவர் வயலின் தொடங்கினால் அக்கம்பக்கத்தார் என்ன பாடு படுவார்கள் என்பது வேறு கதை. பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்தவை இரண்டே விஷயங்கள்: கைக்கு வேலை இருக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது என்னை எதிர்பார்த்து ஓர் ஆள் இருக்க வேண்டும். கைப்பேசியில் விரலைத் தள்ளிக்கொண்டிருப்பது இரண்டிலும் தேறாது. தனியாகப் புத்தகம் படிப்பதும், எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், இரண்டாவதில் தேறாது. வயலின் வகுப்புக்கு நான் போகாவிட்டால் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்துவிடுவார். அந்த ஒரு அழைப்புக்குப் பயந்தே பனியில் இறங்கி நடந்த மாலைகள் உண்டு.

ஜனவரி கடுங்குளிரில் வயலின் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. இரவு சுருதி கூட்டி வைத்தால் காலையில் தந்திகள் தொய்ந்து கிடக்கும். தந்தியை இறுக்கும் மர முளையான பிருடையைத் திருகி விரலை எடுத்த கணமே ‘டர்ர்’ என்று அவிழ்ந்துகொள்ளும். மேற்பலகையின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒட்டு விட்டிருந்தது. ஆசிரியர் வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்கள் வீட்டில் ஈரப்பதம் எவ்வளவு?” என்று கேட்டார். மரம் உலர்ந்தால் இழைக்குக் குறுக்கே சுருங்கும். பிருடையும் அது நுழைந்திருக்கும் துளையும் சுருங்கும் விதம் ஒத்துப்போகாததால் பிடி விட்டுப்போகிறது. பலகை பிளந்துவிடக் கூடாது என்பதற்காகவே வயலின் செய்கிறவர்கள் மேற்பலகையைச் சற்று வலுக்குறைந்த பசையால் ஒட்டுகிறார்களாம். சுருங்கும்போது மரத்துக்குப் பதில் ஒட்டு விட்டுக்கொடுக்கும். அதைக் கேட்டதும் அந்தக் கைவினைஞர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்தேன். 18 சதவீதம் காட்டியது. வயலினுக்கு வேண்டியது 40க்கு மேல். உதட்டு வெடிப்பு, விடியற்காலைத் தொண்டை வறட்சி, கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் நிலைமின்சாரம் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணே காரணம் சொல்லிவிட்டது. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி இரண்டரை கிராமுக்கும் குறைவு. அதே காற்று உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால் அதற்கு 18 கிராம் வரை கொள்ளும். உள்ளே வந்ததோ அந்த இரண்டு சொச்சம்தான். ஹீட்டர் ஈரத்தை உறிஞ்சுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். ஹீட்டர் எதையும் உறிஞ்சவில்லை, காற்றின் கொள்ளளவைப் பெரிதாக்கிவிட்டது, அவ்வளவுதான்.

அதற்காக வீட்டை நீராவிக் குளியலறையாக்கவும் முடியாது. 21 டிகிரி அறையில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், சுமார் 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். கடுங்குளிரில் ஜன்னல் கண்ணாடியின் ஓரமும், வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்புறமும் அந்த நிலைக்கு எளிதில் போய்விடும், பிறகு பூஞ்சணம். அதனால் அறைக்கு 30 முதல் 40 வரை, பெட்டிக்குள் படுத்திருக்கும் வயலினுக்குத் தனியாக ஓர் ஈரப்பஞ்சுக் குழல் என்று பிரித்துக்கொண்டேன். ஈரப்பதமூட்டியை அடிக்கடி கழுவாவிட்டால் அதுவே கிருமிகளைத் தூவும் கருவியாகிவிடும். மீயொலி அதிர்வால் தண்ணீரைப் புகைபோலத் தூவும் வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மேசையெல்லாம் வெள்ளைத் தூசு படியும். தண்ணீரிலுள்ள உப்புகள்தான் அவை.

ஜன்னல் திறக்கும் விஷயத்தில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். மனிதர் விட்ட மூச்சால் அறைக்காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் கரியமில வாயுவை வைத்து அளக்கலாம், பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டக் கூடாது என்று மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபோன் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் 1858இலேயே சொல்லிவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு இருவர் தூங்கும் சிறிய அறை இரவுக்குள் அதை எளிதாகத் தாண்டிவிடும். “சூடெல்லாம் போய்விடுமே” என்பது எதிர்த்தரப்பின் வாதம். கணக்குப் போட்டுக் காட்டினேன். 4 மீட்டருக்கு 4 மீட்டர், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள அறையில் இருக்கும் காற்று 48 கிலோ. அதை முழுவதும் மாற்றி மறுபடி 30 டிகிரி சூடேற்ற அரை யூனிட் மின்சாரம்கூட வேண்டாம். சுவரிலும் சாமான்களிலும் தங்கியிருக்கும் சூடு ஐந்து நிமிடத்தில் எங்கும் போய்விடாது. நாள் முழுக்க ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பதுதான் சுவரையே குளிர வைக்கும் வீண் வேலை. இப்போது காலையிலும் படுக்கும் முன்பும் அகலத் திறந்து ஐந்து நிமிடத்தில் சாத்திவிடுகிறோம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தக் கணக்கு எதிலும் நம்பிக்கையில்லை. அவர் கம்பளி பின்னுகிறவர். நூற்கண்டு விரலில் ஒட்டிக்கொண்டு பொறி பறப்பதைப் பற்றி என்னிடம் குறைபட்டவரும் அவர்தான். ஈரப்பதமானியை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பின்னல் நாற்காலி இருக்கும் கூடத்தில் 22. துவைத்த துணியைக் கொடியில் போட்டிருக்கும் படுக்கையறையில் 65. “தம்பி, இரண்டையும் கூட்டி வகுத்தால் சரியாகத்தானே வருகிறது” என்றார். கொடியைக் கூடத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். விருந்தாளி வந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.