நவாலாவுக்குக் கவா வேரோடு போங்கள்

ஃபிஜி வரை போய்விட்டு, ரிசார்ட் மேடையில் நடத்தும் கிராமக் கலாச்சார நிகழ்ச்சியைப் பார்த்துத் திரும்புவது சுத்த வீண். அந்தக் காசை வைத்து பா நகரத்திலிருந்து மலையேறி நவாலா என்ற கிராமத்துக்குப் போய்விடலாம். கூரை வேய்ந்த பழைய பாணி வீடுகளுக்குப் பேர்போன ஊர். 2016-இல் வின்ஸ்டன் புயல் பிய்த்துப் போட்ட பிறகும் அதே பாணியில் பல வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள்.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்த் தலைவருக்குக் காணிக்கையாகச் சந்தையில் கவா வேர் அரைக் கிலோ வாங்க வேண்டும், அதைக் கரைத்துத்தான் அவர்களுடைய பானம். அங்கே அதை யங்கோனா என்கிறார்கள். விலை கையைக் கடிக்கும். வண்டிக்காரர் அதைவிட மோசம்! வேர் விற்ற அம்மா சொன்ன வாடகையைப்போல இரண்டு மடங்கு கேட்டார். ரோடு மோசம், டயர் போய்விடும் என்று ஒரே பாட்டு. ரோடு மோசம்தான், அதற்காக இரண்டு மடங்கா? பேசிப் பேசிக் குறைத்தேன்.

ஊருக்குள் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். இடுப்பில் வேட்டி மாதிரியான சுலு கட்டிக்கொண்டு, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். வேரை நாங்களே நீட்டவில்லை. எங்களுக்காக ஒருவர் தணிந்த குரலில் பேசி வைத்தார், ஊர்ப் பெரியவர் தொட்டு ஏற்றுக்கொண்டார். இதுதான் செவுசெவு. அப்புறம் மரத் தொட்டியில் கரைத்த கவா தேங்காய்ச் சிரட்டையில் வந்தது. ஒரு கைதட்டு, "புலா" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்து, மறுபடி மூன்று கைதட்டு. நாக்கு மரத்துப்போனது. அந்த நொடியிலிருந்து நாங்கள் ஊரின் விருந்தாளிகள். எங்களுக்கு ஏதாவது ஆனால் அது ஊருக்கே அவமானம். மரவள்ளியும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் போட்டார்கள். அந்தப் பயணத்திலேயே ருசியான சாப்பாடு அதுதான்.

தலைவரின் அதிகாரம் இங்கே சத்தம் போடுவதில்லை என்பதுதான் என்னை அசத்தியது. பெரிய சடங்குகளில் அவர் வாயே திறக்க மாட்டாராம். அவருக்காகப் பேசுவது மதனிவனுவா என்ற பரம்பரைப் பேச்சாளர். கல்யாணம், சாவு, மன்னிப்பு எல்லாவற்றுக்கும் திமிங்கிலப் பல்லான தம்புவாவைக் கொடுப்பார்கள். அதை ஏற்றுக்கொண்டுவிட்டால், கொடுத்தவர் கேட்டதைத் தட்டுவது லேசில்லை. மண்ணும் தலைவரின் சொந்தச் சொத்து இல்லை. மத்தங்காலி என்ற குலக்குழுவுக்கு உரியது. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் இப்படித்தான், விற்கவே முடியாது.

இறங்கும்போது, இந்திய வம்சாவளிக்காரரான வண்டிக்காரர் தன் கதையைச் சொன்னார். தாத்தா காலத்திலிருந்து கரும்பு போட்ட குத்தகை நிலம். 1997-க்குப் பிறகு குத்தகைகள் வரிசையாக முடியத் தொடங்கியபோது அவர்களுடையதும் போய்விட்டது. பூர்வகுடி நிலத்தை விற்பதைத் தடுத்த பிரிட்டிஷ் கவர்னர் ஆர்தர் கார்டன்தான் 1879-இல் இந்தியக் கூலிகளையும் வரவழைத்தார். 1903 முதல் தமிழர்களும் அப்படி வந்தார்கள். நிலம் விற்பனைக்குப் போகாமல் காத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மூன்று தலைமுறை உழுதவனை வெறுங்கையோடு அனுப்புவது அநியாயம். இரண்டையும் சேர்த்தேதான் சொல்வேன்.

தலைவர்களின் மகாசபையை வெள்ளைக்காரர்கள் 1876-இல் அமைத்தார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. ராணுவப் புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்த பைனிமராமா, மாமரத்தடியில் போய்ச் சாராயம் குடியுங்கள் என்று தலைவர்களை ஏளனம் செய்து, 2012-இல் அதைக் கலைத்தே விட்டார். 2023-இல் திரும்பி வந்துவிட்டது. நவாலாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. தலைநகர் சுவாவில் போடும் ஒரு கையெழுத்தால் அந்தப் பாயில் யார் எங்கே உட்காருவது என்பதை மாற்ற முடியாது.

கிராம நுழைவுக் கட்டணம் தனி, அதையும் கணக்கில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று ஊரே சர்ச்சில் இருக்கும்.