மூச்சுக்கேற்ற விசில்

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து எனிஸ் நகருக்கு வேலையாக வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், அங்கிருந்த இசைக்கருவிக் கடை ஒன்றில் பன்னிரண்டு யூரோவுக்கு ஜெனரேஷன் நிறுவனத்தின் டி சுருதி விசில் ஒன்றை வாங்கினேன். ஓரடி நீளப் பித்தளைக் குழாய், ஆறு துளைகள், அச்சில் வார்த்த ப்ளாஸ்டிக் வாய்ப்பகுதி, கருவி இவ்வளவுதான். நான்கு ஆண்டுகள் அதையே வாசித்தேன். ரீல், ஜிக் என்னும் ஐரிஷ் நடன மெட்டுகள் ஓரளவு கைக்கு வந்து, பப்பில் பலர் கூடி வாசிக்கும் செஷன்களில் ஓரமாக உட்கார்ந்து வாசிக்கும் துணிவும் வந்த பிறகு, கையால் செய்த விசில் ஒன்று வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. அந்த ஆசையில் முதலில் பணத்தை இழந்தேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

இழந்த கதை சிறியது. ஒலிப்பதிவு ஒன்றில் மயங்கி, ஒரு முறைகூட ஊதிப் பார்க்காமல், தபாலில் ஒரு விசிலை வரவழைத்தேன். எல்லாத் துளைகளையும் மூடினால் வரும் கீழ் டி உண்மையிலேயே மணி போல முழங்கியது. ஆனால் மேல் ஸ்தாயியின் ஏ, பி ஆகியவற்றை எட்டுவதற்குள் கன்னம் வலித்தது. எட்டிய பிறகோ காது வலித்தது. இரண்டாம் நாள் மாலை மேல்மாடிக்காரர் வந்து கதவைத் தட்டினார். கோபமாக வரவில்லை, கட்டடத்தில் ஏதேனும் அபாய ஒலி கேட்கிறதா என்று விசாரிக்கத்தான் வந்திருந்தார். அடுத்த மாதமே அதை மேடைக் கச்சேரி செய்யும் ஒருவருக்கு விற்றேன். அவர் இன்றும் மகிழ்ச்சியாக வாசிக்கிறார். ஆகவே கருவியில் குறை இல்லை. என் மூச்சையும், நான் வாசிக்கும் அறையையும் கணக்கில் கொள்ளாமல் வாங்கியதுதான் பிழை.

விசிலில் வாசிப்பவரின் உதட்டுக்கு வேலை கிடையாது. நம் புல்லாங்குழலில் உதடு செய்யும் வேலையை இங்கே வாய்ப்பகுதியே செய்துவிடுகிறது: ஒரு குறுகிய காற்றுத்தடம் மூச்சைத் தகடாக்கி, எதிரே உள்ள கூரிய விளிம்பின் மேல் கொண்டுபோய் விடுகிறது. கோணத்தை மாற்றிச் சுரத்தைச் சரிசெய்யும் வழி வாசிப்பவருக்கு இல்லை. அவர் கையில் மிஞ்சியிருப்பது மூச்சின் அளவு ஒன்றே. அந்தத் தடத்தின் உயரம், விளிம்பின் கூர்மை, குழாயின் உள்விட்டம் ஆகியவற்றைத் தீர்மானிப்பவர் செய்கலைஞர். எனவே ஒரு விசிலை வாங்குபவர், இன்னொருவர் தீர்மானித்து வைத்த மூச்சளவுக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள ஒப்புக்கொள்கிறார். ஒலிப்பதிவைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: பதிவில் ஒலி வரும், அந்த ஒலிக்காக எவ்வளவு ஊத வேண்டியிருந்தது என்பது வராது.

டி விசில்களின் உள்விட்டம் பொதுவாக 12 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடினாலே குணம் மாறிவிடுகிறது. அகன்ற குழாயில் கீழ்ச் சுரங்கள் கனமாக, உறுதியாக நிற்கும். மேல் ஸ்தாயிக்கு அதிகமாகத் தள்ள வேண்டும். ஒடுங்கிய குழாயில் மேல் ஸ்தாயி தொட்டவுடன் பேசும். கீழ் டி-யோ, சற்றுக் கூடுதலாக ஊதினாலும் பிடி விட்டு மேலே தாவிவிடும். இரண்டையும் முழுமையாகத் தரும் குழாய் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்பதில்தான் ஒரு செய்கலைஞரின் கைவண்ணம் தெரிகிறது.

விலை உயர்ந்தால் இசை உயரும் என்று நினைப்பவர்கள் இதன் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். 1843-இல் ராபர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டைச் சுருட்டி, மரக்கட்டையை வாய்ப்பகுதியில் அடைத்து விசில் செய்யத் தொடங்கினார். ஏழைகள் கையிலும் தெருவிலும் புழங்கிய மலிவான பொருள் அது. டூலினைச் சேர்ந்த மிக்கோ ரஸ்ஸல் போன்ற கிளேர் வாசிப்பாளர்களின் தலைமுறை இத்தகைய தொழிற்சாலை விசில்களில்தான் வளர்ந்தது. கையால் செய்த விசில் என்பது பெரும்பாலும் கடந்த ஐம்பது ஆண்டுகளின் வரவு. அந்த வரவில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு: 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரிஷ் இசைக்கலைஞர் ஃபின்பார் ஃப்யூரி வைத்திருந்த இந்திய மூங்கில் குழல் ஒன்று சேதமடைந்தபோது, இங்கிலாந்தின் ரக்பி நகரில் இருந்த பெர்னார்ட் ஓவர்ட்டன் அதற்கு ஈடாக உலோகக் குழல் ஒன்றைச் செய்துகொடுத்தார். இன்று லோ விசில் என்று அழைக்கப்படும் பெரிய அலுமினியக் குழல்கள் அந்த முயற்சியிலிருந்து கிளைத்தவை. விரல்கள் அகன்று நிற்க வேண்டிய லோ டி வேறொரு பழக்கம். இங்கே நான் சொல்வது சிறிய டி விசிலைப் பற்றி மட்டும்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. செஷன் முடிந்து பெட்டிகளை மூடும் நேரத்தில், "உங்கள் விசிலை ஒரு நிமிடம் ஊதிப் பார்க்கலாமா?" என்று கேட்டால் இங்கே யாரும் மறுப்பதில்லை. துணியால் துடைத்துக் கையில் கொடுப்பார்கள். கூடவே அந்த விசிலின் பூர்வீகத்தையும் சொல்வார்கள். அப்படி ஏழெட்டு மாதங்களில் பத்துக்கும் மேற்பட்ட விசில்களை ஊதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே சோதனைகளைச் செய்தேன்.

முதலில் கீழ் டி. அதை நீட்டி ஊதிக்கொண்டே மூச்சை மெல்லக் கூட்டினால், எந்த இடத்தில் அது உடைந்து மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது என்று பார்ப்பேன். ஐரிஷ் இசையில் இது சிறு விஷயம் அன்று. கீழ் டி-யில் ரோல் என்னும் அலங்காரத்தை வாசிக்க முடியாது. அதற்குக் கீழே தட்டித் தொடுவதற்கு வேறு சுரம் இல்லை. ஆகவே இலியன் பைப் என்னும் ஐரிஷ் துருத்திக்குழல் வாசிப்பிலிருந்து வந்த க்ரான் என்ற அலங்காரத்தை வாசிக்கிறார்கள்: மேல் விரல்கள் மாறி மாறி நொடிப்பொழுது எழுந்து அந்த ஒரே சுரத்தைத் துண்டு துண்டாக்கும். கீழ் டி தளர்ந்த விசிலில் க்ரான் வாசித்தால் இருமல் போலக் கேட்கும்.

அடுத்து மேல் ஏ-யும் பி-யும். வேகமான ரீலில் அங்கே ஏறும்போது, உறுமாமலும் வீறிடாமலும் சுரம் வருகிறதா? அங்கிருந்து ஒரே தாவலில் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினால் சுரம் காத்திருக்க வைக்காமல் பேசுகிறதா? இந்த இரண்டாவது கேள்வியில்தான் பல விலையுயர்ந்த விசில்கள் என்னிடம் தோற்றன.

மூன்றாவது, சி இயல்புச் சுரம், அதாவது ஷார்ப் ஆகாத சி. ஆறு துளைகளை வரிசையாகத் திறந்தால் டி-யை ஷட்ஜமாகக் கொண்ட சங்கராபரணம் கிடைக்கிறது. காகலி நிஷாதத்தைக் கைசிகி ஆக்கினால், அதாவது சி ஷார்ப்புக்குப் பதில் சி இயல்புச் சுரத்தை எடுத்தால், ஹரிகாம்போதி. அதே சுரங்களை ஈ-யிலிருந்து தொடங்கினால் நடபைரவி ஆகிவிடும், நிஷாதத்தைக் கைசிகி ஆக்காத நிலையில் தொடங்கினால் கரஹரப்பிரியா. ஐரிஷ் மெட்டுகளில் பெரும் பகுதி இந்தச் சில அமைப்புகளுக்குள் அடங்கிவிடுவதால், அந்தக் கைசிகி நிஷாதம் எப்படி வருகிறது என்பது முக்கியம். முதல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடினால் அது கிடைக்க வேண்டும். சில விசில்களில் சற்று ஏறி நிற்கும். அப்போது ஒவ்வொரு முறையும் பாதித் துளை மூட வேண்டிவரும். ஏர் என்னும் மெதுவான மெட்டுகளில் அது அழகு, ரீல் வேகத்தில் தொல்லை.

எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதைப் பற்றி வாங்குபவர்கள் மிக அதிகம் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். பித்தளை, அலுமினியம், டெல்ரின் என்னும் கடின ப்ளாஸ்டிக், ஆப்பிரிக்கக் கருமரம் என எல்லாவற்றிலும் நல்லவற்றையும் சோர்ந்தவற்றையும் கண்டேன். வாய்ப்பகுதியின் வெட்டு சரியில்லாவிட்டால் எந்த மரமும் காப்பாற்றாது. கருமரம் கையில் இதமாக இருக்கும், ஆனால் எண்ணெய் பூசிப் பராமரிக்க வேண்டும். ஈரக் காற்றிலிருந்து கணப்படுப்பு எரியும் அறைக்குள் திடீரென்று கொண்டுபோனால் வெடிக்கும் என்ற கவலையும் கூடவே வரும். பித்தளை விரலில் வாசனையை விட்டுச் செல்லும். அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை.

வாய்ப்பகுதியை இழுத்துச் சுருதி சேர்க்கும் வசதி மட்டும் கட்டாயம் வேண்டும். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் விசிலின் சுருதி ஏறக்குறைய அரைச் சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். குளிர்ந்த தெருவிலிருந்து உள்ளே வந்து, கூட்டம் கூடி அறை சூடாகும் ஓர் இரவுக்குள் அந்த அளவு எளிதாக வந்துவிடும். அக்கார்டியன்காரர் தம் சுருதியை நமக்காக மாற்ற மாட்டார்; இழுக்க வேண்டியவர் நாம்தான்.

ஒலியின் அளவு குறித்து எனக்கு இரண்டு மனம் இருந்தது. இரண்டு ஃபிடில், ஒரு கான்செர்ட்டினா என்று சிறு வட்டமாக உட்காரும் செஷனில் விசில் எப்படியும் கேட்கும். மனிதக் காது கூர்மையாக உணரும் உயரத்தில்தான் அதன் மேல் ஸ்தாயி இருக்கிறது. பன்னிரண்டு பேரும் இரண்டு பான்ஜோவும் இருந்தால் என் விசில் எனக்கே கேட்பதில்லை. மாதம் ஒரு முறை வரும் அந்தக் கூட்டத்துக்காக, நாள்தோறும் வீட்டில் வாசிக்கும் நேரத்தைத் தண்டனையாக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். மேல்மாடிக்காரரின் முகமும் நினைவில் இருந்தது.

கடைசியில் தேர்ந்தெடுத்தது நடுத்தர உள்விட்டம் கொண்ட பித்தளை விசில். வாய்ப்பகுதிக்குள் டெல்ரின் அடைப்பு, மூச்சுக்கு மிதமான எதிர்ப்பு. செய்கலைஞருக்கு எழுதியபோது, நான் எந்த வகைச் செஷனில் வாசிக்கிறேன், கீழ் டி எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்பதைத்தான் கேட்டாரே தவிர, பளபளப்பைப் பற்றிப் பேசவில்லை. ஐந்து மாதம் காத்திருந்தேன்.

வந்த முதல் வாரம் ஏமாற்றமாகவே இருந்தது. ஜெனரேஷன் விசிலில் பழகிய மூச்சை அப்படியே கொடுத்ததால் ஈ-யும் எஃப் ஷார்ப்பும் சுருதி ஏறின. இரண்டு வாரங்கள் மிக மெதுவான மெட்டுகளை மட்டும் வாசித்து, அந்தக் குழாய் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் கொடுக்கப் பழகினேன். காற்றுத்தடம் குறுகலானது என்பதால் குளிர்நாளில் நீர் கோத்து அடைத்துக்கொள்கிறது. சோப்பு நீரை ஒரு சொட்டு விட்டு உலர வைக்கிறேன். செஷனுக்குப் போகும் வழியெல்லாம் வாய்ப்பகுதியைச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிச் சூடாக்கிக்கொள்கிறேன். எனிஸில் இப்படி ஒரு கையை மடக்கிக்கொண்டு நடப்பவரைக் கண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.