கேள்வி கேட்க ஒரு ஆள்

எங்கள் கணக்குக் கிளையில் முஸ்லிம் நான் ஒருத்திதான். முன்பெல்லாம் அதற்காக என்மேல் விழுந்த ஒரே கடமை, பெருநாள் முடிந்து வட்டிலப்பம் கொண்டுபோவது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது: நாட்டிலுள்ள அத்தனை முஸ்லிம்களுக்காகவும் பதில் சொல்வது. குண்டு வைத்தவர்களின் தலைவன் சஹ்ரான் ஏன் அப்படிச் செய்தான்? அவன் ஊரான காத்தான்குடியில் என்னதான் நடக்கிறது? நான் புத்தளத்தில் வளர்ந்தவள், காத்தான்குடிக்குப் போனதே இல்லை. சொன்னாலும் யார் நம்புவது?

துருவித் துருவிக் கேட்டவர்கள் யாரும் அன்று எவரையும் பறிகொடுத்தவர்கள் அல்லர். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் உறவினரை இழந்த ஒருவர் எங்கள் கிளையில் இருந்தார். அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பை சோதிக்கும் வரிசையில் என் பின்னால் நின்றுகொண்டு வழக்கம்போல பஸ் நெரிசலைத் திட்டினார்.

மே கடைசியில் சுற்றறிக்கை வந்தது. அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் (கண்டிப் பாணிச் சேலை) உடுத்த வேண்டுமாம். “எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே” என்றார் மேலதிகாரி. ஏற்கெனவே சேலையில் வருபவர்களுக்கு அந்தச் சட்டத்தால் ஒன்றும் மாறவில்லை. அபாயாவில் போன எனக்குத்தான் மாறியது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆட்சேபித்தது, அப்புறம் சுற்றறிக்கையைத் திருத்தினார்கள். முதலாவது வந்த அன்றே அறிவித்தல் பலகையில் ஏறியது. திருத்தத்தை நானே அச்சடித்துக் குத்த வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துத் தமிழ் அக்கா ஒருவர், “83 கலவரத்துக்குப் பிறகு எங்களைக் கேட்ட கேள்வியைத்தான் பிள்ளை இப்ப உங்களைக் கேக்கினம்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் என் உம்மா 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர். அங்கிருந்த முஸ்லிம்களை விரட்டியவர்கள் புலிகள். இதை அக்காவிடம் எடுத்தால் நானும் விளக்கம் கேட்பவளாகிவிடுவேனே என்று பலநாள் தயங்கி, கடைசியில் ஒருநாள் சொல்லிவிட்டேன். “நாங்கள் அப்ப வாய் திறக்கேல்லை” என்றார். அக்கா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, எதற்கும் பொறுப்பில்லை. ஆனாலும் அந்தப் பதில் எனக்கு வேண்டியிருந்தது. அப்படியானால் என்னைக் கேட்டவர்களும் இப்படி எதையோ எதிர்பார்த்துத்தான் கேட்டார்களா? இன்னும் எனக்குத் தெளிவில்லை. ஒன்று மட்டும் வித்தியாசம்: அக்காவை நான் மேசைக்கு அழைத்துக் கேட்கவில்லை.

2020இல் கொரோனாவில் இறந்த எங்கள் ஆட்களையும் எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2021 பெப்ரவரி வரை இங்கே அனுமதி இல்லை. “செத்த பிறகு எரித்தால் என்ன, புதைத்தால் என்ன?” என்று சாப்பாட்டு மேசையில் ஒருவர் கேட்டார். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது.

இப்போது கிளைக்குப் புதிதாக ஒரு முஸ்லிம் பிள்ளை வந்திருக்கிறாள். “மார்க்கத்தப் பத்திக் கேட்டா, ‘நமக்கு வவுச்சர் பார்க்கத்தான் சம்பளம்’ எண்டு சொல்லுங்க” என்றேன். அவளுக்கு அது சரிவரவில்லை. ஆறுதலாக விளங்கப்படுத்தினால் கேட்பார்கள் என்கிறாள். சரி, செய்து பார்க்கட்டும்.