அதே கார்டு, அதே பிளான் பேரு, ஆனா ஜனவரியில கைய சுட்டுருச்சு: அம்மாவோட மெடிகேர் கதை

அப்பா அம்மாவ அமெரிக்கால கூட வச்சிருக்கவங்களுக்காக இத எழுதறேன். மெடிகேர்னா பொதுவா 65 வயசானவங்களுக்கு அமெரிக்க அரசாங்கத்தோட ஹெல்த் இன்ஷூரன்ஸ். பார்ட் ஏ (ஆஸ்பத்திரிக்கு), பார்ட் பி (டாக்டருக்கு) எல்லாம் என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அதுக்குள்ள போகல. அத தனியார் கம்பெனி வழியா, மருந்தையும் சேத்து எடுக்கற அட்வான்டேஜ் பிளான்தான் எங்க வீட்டுல. நான் ரெண்டு வருஷமா அடிபட்டது வேற ஒரு விஷயத்துல, வருஷா வருஷம் பிளான்ல வர்ற மாற்றத்துல.

2025 ஜனவரி ரெண்டாவது வாரம், நியூ ஜெர்சி குளிர்ல அம்மாவ கூட்டிட்டு ஃபார்மசிக்குப் போனேன். சக்கரைக்கு ஜனுவியா போட்டுக்கறாங்க, மாசம் 47 டாலர் கோபே (மருந்து விலைல நம்ம பங்கு) கட்டிட்டு இருந்தோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு ஸ்கேன் பண்ணிட்டு 550 டாலர் கிட்ட ஒரு தொகைய சொல்லுச்சு. தப்பா அடிச்சிருப்பாங்கன்னு திரும்ப ஓட்டச் சொன்னேன், அதே தொகை. பின்னாடி நின்ன அம்மா என் சட்டைய புடிச்சு இழுத்து, "வேணாம்யா, வா போலாம், ஊர்ல சித்திகிட்ட சொன்னா வாங்கி அனுப்புவா"ன்னாங்க. மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்தோம். கார்ல ஒருத்தரும் பேசல.

வீட்டுக்கு வந்து பிளானுக்கு போன் போட்டா 40 நிமிஷம் பாட்டு. அப்புறம் வந்தவரு ரொம்ப அமைதியா, "உங்களுக்கு செப்டம்பர்லயே லெட்டர் அனுப்பிட்டோமே சார்"னாரு. அந்த லெட்டர் பேரு ஆனுவல் நோட்டீஸ் ஆஃப் சேஞ்ச், அடுத்த வருஷம் பிளான்ல என்னென்ன மாறப்போகுதுன்னு ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 30க்குள்ள அவங்க அனுப்பியே ஆகணும். எங்க வீட்டுக்கும் வந்திருக்கு. அப்பா அத கூப்பன் பேப்பர், பல்லு டாக்டர் விளம்பரம், பழைய கரண்ட் பில் எல்லாத்தோடயும் சேத்து டிவிக்கு கீழ டிராயர்ல பத்திரமா வச்சிருக்காரு, பிரிக்கவே இல்ல. பிரிச்சுப் பாத்தா மூணாவது பக்கத்து டேபிள்ல இருக்கு: மருந்து டிடக்டிபிள் (பிளான் காசு குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கட்ட வேண்டிய தொகை), இந்த வருஷம் 0, அடுத்த வருஷம் 590, டியர் 3, 4, 5க்கு. டியர்னா பிளான் மருந்துகள பிரிச்சு வச்சிருக்கற விலைப் படி. ஜனுவியா டியர் 3.

அந்த நேரம் எல்லா பக்கமும் என்ன பேசிட்டு இருந்தாங்கன்னா 2025லருந்து மருந்துக்கு வருஷத்துக்கு 2,000 டாலருக்கு மேல நம்ம கைல இருந்து போகாது, அந்த டோனட் ஹோல் (மருந்துக் கவரேஜ்ல நடுவுல வர்ற இடைவெளி) தொல்லையும் ஒழிஞ்சதுன்னு. அது உண்மைதான், பெரிய விஷயம்தான். ஆனா அந்த 2,000க்கு மேல ஆகற செலவுல பெரும்பங்கு இன்ஷூரன்ஸ்காரன் தலையில விழும்னு ஆனதும் நிறைய பிளான்ல அவன் முன்பக்கமா டிடக்டிபிள கொண்டாந்து வச்சுட்டான், நாம நல்ல செய்தி கேட்ட சந்தோஷத்துல கவர பிரிக்கல. பிரீமியம் 0 அப்படியே இருந்தது, கார்டு அதேதான், பிளான் பேரு கூட ஒரு எழுத்து மாறல.

இதுல அப்பா வேற, "எனக்கு ஒன்னும் மாறலயே, அதே பிளான்தானே"ன்னு ஒரே பிடிவாதம். அவருக்கு எப்படி மாறும், பிரஷருக்கு ஒரே ஒரு ஜெனரிக் மாத்திரை, டியர் 1, காசே கிடையாது. ஒரே வீடு, ஒரே பிளான், ஒருத்தருக்கு 0, இன்னொருத்தருக்கு 550. புருஷன் பொண்டாட்டி ஒரே பிளான்ல இருக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல, ஆனா எங்களுக்கு சேத்துவிட்ட ஏஜென்ட் ரெண்டு பேரையும் ஒரே ஃபார்ம்ல தள்ளிவிட்ட மாதிரி தள்ளிவிட்டாரு, நாங்களும் சரின்னுட்டோம்.

அந்த ஏஜென்டத்தான் முதல்ல கூப்பிட்டேன். "அக்டோபர் 15 வரைக்கும் ஒன்னும் பண்ண முடியாது, அப்ப பாக்கலாம்"னு ஒரே வரியில முடிச்சிட்டாரு. அன்னிலருந்து டிசம்பர் 7 வரைக்கும்தான் எல்லாரும் வருஷா வருஷம் பிளான் மாத்தற காலம். நானும் நம்பி, ஜனவரி டிடக்டிபிள அழுதுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு மார்ச் நடுவுல ஆபீஸ்ல ஒருத்தரு ஷிப்னு மெடிகேருக்கு ஒரு இலவச ஆலோசனை இருக்கு, எல்லா ஸ்டேட்லயும் உண்டு, போய் கேளுங்கன்னாரு. எங்க கவுண்ட்டியில சீனியர் சென்டர்ல ஒரு ரிட்டயர்டு அம்மா வாலண்டியரா உக்காந்திருந்தாங்க. அவங்க எங்களுக்கு எதையும் விக்க வேண்டியதில்ல, அதனாலயோ என்னவோ அஞ்சே நிமிஷத்துல விஷயத்துக்கு வந்துட்டாங்க: ஏற்கனவே அட்வான்டேஜ் பிளான்ல இருக்கவங்க ஜனவரி 1லருந்து மார்ச் 31க்குள்ள ஒரு தடவ மாத்திக்கலாம், அடுத்த மாசம் ஒன்னாம் தேதியிலருந்து புது பிளான். ஏஜென்ட் சொன்னது சுத்தப் பொய்யா இல்ல தெரியாம சொன்னாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. 31ம் தேதி முடியறதுக்குள்ள அம்மாவ மட்டும் மருந்து டிடக்டிபிள் இல்லாத வேற ஒரு பிளானுக்கு மாத்தினோம். ஏப்ரல் 1லருந்து திரும்ப 47.

இன்னொன்னும் அந்த வாலண்டியர் அம்மாதான் சொன்னாங்க. மொத்தமா கட்ட முடியலன்னா மருந்துக் காச வருஷம் பூரா மாசாமாசம் பிரிச்சுக் கட்ற ஏற்பாடு 2025லருந்தே இருக்கு, வட்டி கிடையாது, ஆனா அத ஃபார்மசியில சேர முடியாது, பிளான்கிட்டத்தான் சேரணும். அன்னிக்கு அந்த கவுண்டர்ல யாராவது இத சொல்லியிருந்தா அம்மா மாத்திரை இல்லாம வந்திருக்க மாட்டாங்க.

சரி, இந்த தடவ ஏமாறக்கூடாதுன்னு 2025 செப்டம்பர்லயே தபால்பெட்டிய நானே தெறந்தேன். ஊர்ல ரிசல்ட் பாக்கற மாதிரி தினமும். 28ம் தேதி கவர் வந்துச்சு, அடுப்படி மேஜையில விரிச்சு வச்சு மஞ்ச பேனாவால கோடு போட்டுப் படிச்சேன். புது பிளான்லயும் டிடக்டிபிள் வந்துருச்சு, 2026க்கு 615, அதுதான் சட்டப்படி போடக்கூடிய உச்சம். 2,000 வரம்பும் 2,100 ஆயிருச்சு. ஆனா ஜனுவியா அரசாங்கம் பேரம் பேசின முதல் பத்து மருந்துல ஒன்னு, 2026 ஜனவரி 1லருந்து 30 நாள் மாத்திரையோட முழு விலையே 113 டாலர்தான். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா அன்னிக்கு அந்த கவுண்டர்ல அவ்வளவு அவமானம் இல்ல. அப்ப மருந்து பரவாயில்லன்னு மூச்சு விட்டேன், அங்கதான் தப்பு பண்ணப் பாத்தேன்.

அந்த லெட்டர்ல எந்த டாக்டர் நெட்வொர்க்க விட்டுப் போறாருன்னு இருக்காது! "எங்க டாக்டர் பட்டியல் மாறலாம், டைரக்டரிய பாருங்க"ன்னு ஒரே ஒரு வரிதான். அம்மாவுக்கு கண்ணுல பிரஷர் இருக்கு, நாலு வருஷமா ஒரே கண் டாக்டர், அவர விட்டா அம்மா வேற யார்கிட்டயும் கண்ண காட்ட மாட்டாங்க. கிளினிக்குக்கு போன் போட்டு இந்த இன்ஷூரன்ஸ் எடுப்பீங்களான்னு கேட்டேன், "எடுப்போம், எடுப்போம்"னு அந்த கிளார்க் நான் முடிக்கறதுக்குள்ள சொல்லி வச்சிட்டாங்க. மனசு கேக்கல. மறுநாள் கார்ட கைல வச்சுக்கிட்டு பிளானோட முழுப் பேர ஒவ்வொரு வார்த்தையா படிச்சு, எச்.எம்.ஓ. (பொதுவா பிளான் பட்டியல்ல இருக்கற டாக்டர்கிட்ட மட்டும் போற வகை), 2026 ஜனவரிக்கு அப்புறமும் எடுப்பீங்களான்னு கேட்டேன். அப்ப வேற ஒருத்தங்க, கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர தட்டிட்டு, "பி.பி.ஓ. எடுப்போம், எச்.எம்.ஓ. டிசம்பர் 31ஓட முடியுது"ன்னாங்க. பி.பி.ஓ.ன்னா பட்டியலுக்கு வெளிய இருக்கற டாக்டர்கிட்டயும் போகலாம், காசு கூட ஆகும். அதே கம்பெனி, அதே லோகோ. கம்பெனி பேர மட்டும் சொல்லி கேக்காதீங்க, மெடிகேர் எடுப்பீங்களான்னு பொதுவாவும் கேக்காதீங்க, ரெண்டுக்கும் ஆமான்னுதான் பதில் வரும்.

இதுக்கு நடுவுல அம்மா பேரு தொல்லை வேற. பாஸ்போர்ட்ல தாத்தா பேரும் சேந்து இருக்கறதால மெடிகேர் கார்டுல ஒரு மாதிரி, பிளான் கார்டுல முன்னது பின்னதா ஒரு மாதிரி. பிளான் ஆள் அம்மாகிட்டயே பேசணும்னாரு, பையன்கிட்ட பேச அனுமதின்னு அம்மா வாயால சொன்னாதான் என்கிட்ட பேசுவாராம். மெடிகேர் நம்பர்லயே மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம்னு 1-800-633-4227க்கு போட்டு தமிழ் கேட்டேன், கெடச்சாங்க, இலவசம்தான். அந்த அம்மா சுத்தத் தமிழ்ல "விலக்குத் தொகை 615 டாலர்"னு சொல்ல, எங்கம்மா "வெளக்குக்கு எதுக்குய்யா காசு, நாம கரண்ட் பில்லு தனியா கட்றோமே"ன்னு என்னப் பாத்து கேட்டாங்க. ஸ்பீக்கர்ல அந்தப் பக்கமும் சிரிச்சிட்டாங்க. டிடக்டிபிள்னு சொல்லுங்க, அம்மாவுக்கு அதுதான் இப்ப நல்லா தெரியும்னேன்.

அடுத்து மெடிகேர் வெப்சைட்ல பிளான் தேடற இடம். நல்ல கருவி, ஆனா மருந்த சரியா போடலன்னா குப்பை. கண் சொட்டு மருந்துக்கு பாட்டில் சைஸ கேக்கும், நான் எத்தனைன்ற எடத்துல மாசத்துக்கு 1க்கு பதிலா 3 போட்டுட்டு, ரெண்டு நாள் எல்லா பிளானும் கொள்ளைக்காரனுங்கன்னு திட்டிட்டு இருந்தேன். பட்டியல பிரீமியம் கம்மியா இருக்கற வரிசையில பாக்காதீங்க, மருந்துச் செலவும் பிரீமியமும் சேத்து வருஷத்துக்கு எவ்வளவுன்ற வரிசையில மாத்திப் பாருங்க. ஃபார்மசியும் மூணு நாலு போட்டுப் பாருங்க, அதே பிளான் அதே மாத்திரை, தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை அந்தப் பக்கம் ஒரு விலை. எங்களுக்கு கடைசியா மாசம் 31 டாலர் பிரீமியம் உள்ள ஒரு பி.பி.ஓ.தான் 0 பிரீமியம் பிளான விட வருஷக் கணக்குல மலிவா வந்துச்சு, கண் டாக்டரும் உள்ள இருந்தாரு.

பேசாம அரசாங்கமே நேரடியா நடத்தற ஒரிஜினல் மெடிகேருக்கே போய், அது கட்டாத மிச்சத்துக்கு மெடிகேப்னு தனி இன்ஷூரன்ஸ் வாங்கிடலாம், எந்த டாக்டர வேணா பாக்கலாமேன்னும் யோசிச்சேன். ஆனா பார்ட் பி ஆரம்பிச்ச முதல் ஆறு மாசம்தான் உடம்ப பத்தி கேள்வி கேக்காம குடுப்பாங்க, அதுக்கப்புறம் பெரும்பாலான ஸ்டேட்ல சக்கரை இருக்கா, என்ன மருந்துன்னு கேட்டு வேணாம்னும் சொல்லலாம். அம்மாவுக்கு அந்த ஆறு மாசம் போய் மூணு வருஷம் ஆச்சு. அப்ப எனக்கு இத யாரும் சொல்லல, 65 ஆகப்போறவங்க வீட்டுல இருந்தா தயவுசெஞ்சு அப்பவே உக்காந்து யோசிங்க.

டிசம்பர் 7 கடைசி நாள், நாங்க 5ம் தேதி ராத்திரி ஆன்லைன்ல சேத்துட்டோம், கன்ஃபர்மேஷன் நம்பர ஃபோட்டோ எடுத்து வச்சேன். பழைய பிளான கேன்சல் பண்றேன்னு தனியா போன் போடாதீங்க, புதுசுல சேந்தா பழசு தானா விழுந்துரும். ஊருக்குப் போய் மாசக்கணக்குல தங்கற பெத்தவங்க இருந்தா பிளான்ல ஒன்ன கேட்டுக்கோங்க: சர்வீஸ் ஏரியாவ விட்டு தொடர்ந்து ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா அட்வான்டேஜ் பிளான் பொதுவா பேர எடுத்துரும். அப்பா மட்டும் பழைய பிளான்லயே இருக்காரு, அவருக்கு வருத்தம் வேற. 2026க்கு சோஷியல் செக்யூரிட்டி (அரசாங்க பென்ஷன்) 2.8% ஏறுச்சுன்னு சந்தோஷப்பட்டாரு, பார்ட் பி மாசப் பிரீமியம் 185லருந்து 202.90 ஆனதுல மாசம் ஆயிரம் டாலருக்கு 28 ஏறினது 10 ஆயிருச்சு.

இவ்வளவும் பண்ணிட்டு 2026 ஜனவரி 6ம் தேதி ஃபார்மசிக்குப் போனா, ஜனுவியா வந்துருச்சு, கண் சொட்டு மருந்துக்கு பிரையர் ஆதரைசேஷன் (பிளானோட முன் அனுமதி) வேணும், டாக்டர் எழுதணும், மூணு நாள் ஆகலாம்னாங்க. பாட்டில்ல ரெண்டு நாளைக்குத்தான் இருந்துச்சு. அம்மா திரும்பவும் சட்டைய இழுக்க ஆரம்பிச்சாங்க. ஆனா இந்த தடவ நான் படிச்சிருந்தேன், புதுசா பிளான்ல சேந்தவங்களுக்கு முதல் 90 நாளுக்குள்ள ஒரு தடவ டிரான்சிஷன் ஃபில்லுனு ஒரு மாச மருந்து குடுக்கணும். அந்தப் பையன் அப்படி ஒன்னு கேள்வியே பட்டதில்லன்னான். நான் நகரல, பின்னாடி வரிசை மொறைக்குது, பிளானுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சு அவன்கிட்டயே குடுத்தேன். ஒரு கோட் சொன்னாங்க, அடிச்சான், ஓடிருச்சு.

அம்மா அந்த குட்டி பாட்டில கைல உருட்டிப் பாத்துட்டு, "இத்தினிக்கூண்டுக்கா இம்புட்டு பேச்சு"ன்னுட்டு ஹேண்ட்பேக்ல போட்டு ஜிப் மூடினாங்க.